சொன்னது சொன்னபடி

‘இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று கரும்பலகையில் எழுதி, அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் காட்டிவிட்டு, இதற்குப் பேய்மழை பெய்கிறது என்றுதான் அர்த்தமே தவிர பூனையும் நாயும் கொட்டுகிறது என்று அர்த்தமில்லை என ஹெப்சிபா டீச்சர் சொல்லி முடிப்பதற்குள், முதல் பூனை தகரக்கூரையின் மேல் விழுந்துவிட்டது.

சாம்பல் நிறப் பூனை. அது கூரையின் சரிவில் நடந்து விளிம்புக்கு வந்து, வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரையும் ஒரு பார்வை பார்த்து, தெருவில் குதித்துப் போனது. அதன் பின்னால் ஒரு செவலை நாய் இறங்கியது, அதன் பின்னால் மூன்று குட்டிகள், அப்புறம் எண்ணிக்கைக்கு அடங்காமல் தடதடவென்று கல்லோடைப்பட்டி முழுக்க, கோயில் கோபுரத்தின் மேலும், மாதா கோயில் மணிக்கூண்டின் மேலும், சந்தையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தவர்கள் அவசரமாக விரித்த குடைகளின் மேலும் ஒரு கால் மணி நேரம் பெய்து ஓய்ந்தது. ஒன்றுக்கும் அடிபடவில்லை. பூனைகள் பூனைகளுக்குரிய கௌரவத்தோடு நாலுகாலில் வந்து நின்றன. நாய்கள், மழையில்லாமலே நனைந்தவை போல, உடம்பை ஒருதரம் உதறிக்கொண்டு எழுந்தன.

வகுப்பறைக்கும் உள்ளறைக்கும் நடுவே தொங்கிய திரைக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது.

“ஏ ஹெப்சி, மழையா?”

“இல்லீங்க. நாய்.”

“ம். ஜன்னலச் சாத்து, சாரல் அடிக்கப் போகுது.”

அது ஞானசிகாமணி, டீச்சரின் கணவர். இருபத்தாறு வருஷம் அந்த ஊரில் தபால்காரராக இருந்தவர். எந்த வீட்டு மருமகள் அம்மாவின் கடிதத்தைப் படித்துவிட்டு அழுவாள், எந்த வீட்டுத் தாத்தா வராத கடிதத்துக்காகத் தெருமுனை வரைக்கும் வந்து நிற்பார் என்பதெல்லாம் தெரிந்தவர். சைக்கிளை நிறுத்தி ஒரு வாய் பேசாமல் ஒரு கடிதத்தையும் யார் கையிலும் கொடுத்ததில்லை. போன ஐப்பசியில் ஒரு காலையில் கட்டிலை விட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார். ஊருக்கும் பெரிய சாலைக்கும் நடுவே ஓடுகிற ஓடையில் அன்றைக்கு இடுப்பளவு வெள்ளம். பாலம் கிடையாது. கயிற்றுக்கட்டிலில் படுக்கவைத்து, எட்டுப் பேர் தலைக்குமேல் தூக்கிப்பிடித்து அக்கரை சேர்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நாலு மணி நேரம் ஓடிவிட்டது. உயிர் மிஞ்சியது, இடதுபக்கம் போய்விட்டது. இடது கையும் இடது காலும் வேறு யாருடையவோ போல அவர் பக்கத்தில் கிடந்தன. கிள்ளினாலும் தெரியாது, சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது.

பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு மிச்சமிருந்தது. ஆனால் பேசுவதற்கு ஆள் வேண்டுமே. பார்க்க வந்தவர்கள் ஒரு மாதத்தில் குறைந்துபோனார்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். பாளையங்கோட்டை கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷ், டீச்சரிடம் உபயோகமில்லாமல் கிடந்தது. அதை எடுத்துத் தூசிதட்டி, முன்கூடத்தில் சாயங்காலம் ஐந்து முதல் ஆறரை வரை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு என்று வாசலில் எழுதிப் போட்டாள். யாருக்கும் இங்கிலீஷ் வரவேண்டும் என்ற ஆசையைவிட, வீட்டுக்குள் நாலு பேர் சத்தம் கேட்கவேண்டும் என்ற ஆசைதான் அவளுக்கு. கூடத்தில் பாடம் நடக்க, உள்ளே அவர் திரை வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். இடையிடையே, “தலைவரே, ஹவ் ஆர் யூன்னு கேட்டா ஒம்ம முட்டுவலியச் சொல்லக்கூடாதுவே” என்று குரல் கொடுப்பார். பேரூராட்சித் தலைவர் குத்தாலிங்கமும் அந்த வகுப்பில் ஒரு மாணவர். கலெக்டர் ஆபீஸ் கூட்டங்களில் எல்லாரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் கடைசியில் சிரிக்கிறோமே என்ற வருத்தத்தில் சேர்ந்தவர்.

நாய் மழைக்கு என்ன காரணம் என்று விசாரித்தவர்கள் இரண்டு வாரத்தில் ஓய்ந்துபோனார்கள். மலைக்காற்று என்றார்கள், தகரக்கூரை என்றார்கள், டீச்சரின் உச்சரிப்பு அவ்வளவு சுத்தம் என்றார்கள். காரணம் எதுவாக இருந்தால் என்ன, வந்தவற்றுக்குச் சோறு வைக்கவேண்டும் அல்லவா? ராஜபாளையத்திலிருந்து இரண்டு பேர் காரில் வந்து, நாய்களின் காதையும் மூக்கையும் விரலால் அளந்து பார்த்து, ஜாதி நாய் ஒன்றுமில்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். பூனைகள் ரேஷன் கடைக் கிட்டங்கியை எடுத்துக்கொண்டன. அதன்பின் அரிசிமூட்டையில் ஓட்டை என்ற பேச்சே எழவில்லை. நாய்களுக்கு முதலில் இங்கிலீஷ் மட்டும்தான் புரிந்தது. ‘கம்’ என்றால் வரும், ‘இங்க வா’ என்றால் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்காகவே ஊரில் முக்கால்வாசிப் பேர் ஏழெட்டு வார்த்தை கற்றுக்கொண்டார்கள். பங்குனி பிறப்பதற்குள் நாய்களும் தமிழ் கற்றுக்கொண்டன, இரு தரப்புக்கும் சௌகரியமாயிற்று.

அப்புறம்தான் மற்றவை வந்தன. ஓடைக்கும் மலைக்கும் நடுவே நின்றுகொண்டு யார் அந்த மாதிரி உள்ளர்த்தம் வைத்த இங்கிலீஷ் சொன்னாலும், அர்த்தம் ஒருபக்கம் கிடக்க, சொல் எதுவோ அதுவே நடந்தது. காலேஜில் படிக்கும் ஒரு பெண் பரீட்சை எழுதிவிட்டு வந்து, “பீஸ் ஆஃப் கேக்” என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினாள். அவள் கையிலிருந்த ஹால் டிக்கெட்டின் மேல் செர்ரிப்பழம் வைத்த ஒரு துண்டு கேக் இருந்தது. மிகவும் எளிது என்பதைத்தான் அவள் சொல்லவந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊரே அதைச் சொல்ல ஆரம்பித்து, சாதம் வடிப்பது பீஸ் ஆஃப் கேக், மாடு கட்டுவது பீஸ் ஆஃப் கேக் என்று வீட்டுக்கு வீடு கேக் குவிந்து, பேக்கரிக்காரர் டீச்சர் வாசலில் வந்து கைகட்டி நிற்கும்படி ஆயிற்று. பத்து நாளில் எல்லாருக்கும் திகட்டிவிட்டது. கடைசியில் எறும்புகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் ஒருவன், மாப்பிள்ளைக்குக் கடைசி நேரத்தில் பயம் வந்துவிட்டது என்பதை நாகரிகமாகச் சொல்வதாக நினைத்து, “ஹி காட் கோல்டு ஃபீட்” என்றான். மாப்பிள்ளையின் பாதத்தில் பனிக்கட்டி கட்டிவிட்டது. பெண்வீட்டார் சலிக்காமல் அண்டாவில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள். கால் இரண்டையும் அதில் விட்டுக்கொண்டே மாப்பிள்ளை தாலி கட்டினான். பயம் இருந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, கட்டின பிறகு கேட்டு என்ன?

குதிரைகள் வந்த அன்றுதான் ஊர் கூடியது. பஸ்ஸுக்கு அவசரப்பட்ட மனைவியிடம் ஒருவர் ‘ஹோல்டு யுவர் ஹார்ஸஸ்’ என்று சொல்லப்போக, அந்த அம்மாள் கையில் இரண்டு வெள்ளைக் குதிரைகளின் கடிவாளம் இருந்தது. அவள் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பஸ் போய்விட்டது.

“டீச்சர் நல்லவங்கதான், மறுக்கல. ஆனா வகுப்ப மூடிரணும்” என்றார்கள் பள்ளிக்கூட மைதானத்தில் கூடியவர்களில் பாதிப்பேர். “இன்னைக்குக் குதிர. நாளைக்கு யானன்னு ஒருத்தன் சொன்னா?”

ஹெப்சிபா எழுந்து நின்றாள். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் வகுப்பு இல்லாத சாயங்காலம் ஒன்று, திரைக்குப் பின்னால் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு மனுஷன், இரண்டும் கண்ணில் வந்து நிற்கவே, எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பதிலாகப் பேச்சித்தாய் எழுந்தாள். ஓடைக்கரையில் பன்றி வளர்ப்பவள். மகள் வெளியூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள், அவள் போனில் பேசுகிற பாஷையில் பாதி புரியமாட்டேனென்கிறதே என்று வகுப்பில் சேர்ந்தவள்.

“மூடுனா மட்டும் நிக்குமா? டிவில கேட்டுச் சொல்லுவாக, படிச்ச புள்ளைக சொல்லுவாக. அர்த்தம் தெரியாமச் சொல்லுததுதான் ஆபத்து. எது எதுக்கு என்ன அர்த்தம்னு டீச்சர் ஊருக்கே சொல்லிக் குடுக்கட்டும். எத எங்க சொல்லணும்னு நம்ம பாத்துக்கிடுவோம்.”

அப்படியே தீர்மானமாயிற்று. மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்குப் பேரூராட்சி ஒலிபெருக்கியில், குடிநீர் அறிவிப்புக்கு அடுத்தபடியாக, டீச்சர் எழுதிக்கொடுத்ததைத் தலைவரே, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலித்துவிடாதபடி இடைவெளி விட்டு, வாசித்தார். “தாய்மார்களே, பெரியோர்களே, இன்று ‘ஸ்பில் த பீன்ஸ்’. ரகசியத்தை உளறிவிடுவது என்று பொருள். சமையல்கட்டில் நின்று யாரும் சொல்லவேண்டாம். ‘ஹோல்டு யுவர் ஹார்ஸஸ்’ என்றால் கொஞ்சம் பொறு என்று பொருள். நேற்று வந்த குதிரைகளே இன்னும் பள்ளிக்கூடத்தில் நிற்கின்றன; பொறு என்று தமிழிலேயே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.” மூன்று மாதத்தில், மாவட்டத்தில் எந்தக் காலேஜுக்கும் தெரியாத அளவுக்குக் கல்லோடைப்பட்டிக்கு அந்தச் சங்கதி அத்துப்படியாயிற்று, டீக்கடையில் பேச்சோடு பேச்சாக ஒருவர் அர்த்தத்தைச் சொல்ல, மற்றவர் சொல்லை மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வார்.

ஆவணியில் என்ஜினியர் வந்தார். ஓடையில் பாலம் கேட்டு ஊர் பத்தொன்பது வருஷமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒருவர் ஜீப்பில் வந்து, கரையில் நின்று, தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவார். இந்த வருஷம் வந்தவர் கறுப்புக்கண்ணாடி போட்டிருந்தார். ஊரே கரையில் கூடியிருந்தது. இந்தத் தடவை பேச்சித்தாய் பேசட்டும் என்று தலைவர் முன்பே சொல்லியிருந்தார். அவள் காலையிலேயே டீச்சரிடம் வந்து, பயமாக இருக்கிறது என்பதைப் பழக்கதோஷத்தில், “டீச்சர், பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்” என்று சொல்லித் தொலைத்திருந்தாள். அதனால் அவள் என்ஜினியர் முன்னால் வாயைத் திறந்ததும் முதலில் ஏழெட்டு மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வெளியே வந்தன. ஊர்க்காரர்கள் மரியாதையாக அவை போகும்வரை காத்திருந்தார்கள்.

“சார், பாலம் எப்ப வரும்?”

என்ஜினியர் ஒரு பட்டாம்பூச்சியைக் கையால் விரட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் திரும்பி, இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில் சிரித்துக்கொண்டு, “வென் பிக்ஸ் ஃப்ளை” என்றார்.

பன்றி பறக்கும்போது, அதாவது, ஒருநாளும் இல்லை. போன மாதம் ஒலிபெருக்கியில் வந்ததுதான், அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு அதிகாரி அவர்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். ஆனாலும் யாரும் கோபப்படவில்லை. எல்லாரும் தலையைத் திருப்பி, பேச்சித்தாயின் பன்றிக்கொட்டகையைப் பார்த்தார்கள்.

முதலில் எழுந்தது கொட்டகையிலேயே பெரிய பெண்பன்றி, ரோசா. கூட்டமான பஸ்ஸில் யாருக்கோ இடம் விடச் சொன்னதுபோல ஒரு சலிப்பு உறுமலோடு அது தரையை விட்டு எழும்பி, காது இரண்டும் காற்றில் படபடக்க, வேலிக்கு மேல் வந்தது. அதன் பின்னால் மற்ற பத்தும் வந்தன. வரிசை கலையாமல் ஓடையைக் கடந்து, அக்கரையில் ஒரு சுற்று, இக்கரையில் ஒரு சுற்று, அப்புறம் ஜீப்பின் மேல் வட்டமிடத் தொடங்கின. என்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார், திரும்பவும் கழற்றினார்.

“சார்,” என்றாள் பேச்சித்தாய், இப்போது பட்டாம்பூச்சி எதுவும் வரவில்லை, “நீங்க சொன்னதுதான். எல்லாரும் கேட்டோம். எழுதிக் குடுத்துட்டீகன்னா நல்லது. எனக்கும் இதுகளுக்குக் கஞ்சி ஊத்தணும்லா.”

அவர் ஜீப்பின் பானெட்டில் வைத்தே எழுதிக்கொடுத்தார். எழுதியது ஆபீசில் காணாமல் போய்விடக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, பன்றிகள் அன்றுமுதல் தினமும் பறந்தன. காலை பத்து மணிக்கு எழும்பும், மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட இறங்கும், இரண்டுக்கு மறுபடி எழும்பி ஐந்தே முக்காலுக்குக் கொட்டகைக்குத் திரும்பும், சனி ஞாயிறு படுத்திருக்கும். அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து, அண்ணாந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஞானசிகாமணியின் கட்டிலை ஹெப்சிபா ஜன்னலோரம் நகர்த்திப் போட்டாள். ரோசா ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் அவர் வலதுகையைத் தூக்கி ஒரு சலாம் வைத்து, கட்டில் குலுங்கச் சிரித்தார். வகுப்பை மூடும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. சித்திரையில் பாலம் கட்டி முடிந்தது, பன்றிகளும் தரையில் நடக்கத் தொடங்கின.

வைகாசியில் அவருக்கு மறுபடி முடியாமல் போயிற்று. முதலில் சளி என்றிருந்தது, பிறகு காய்ச்சல், பிறகு சாப்பாடு இறங்கவில்லை. திரைக்கு அந்தப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்த குரல் ஒருநாள் ஒரு வார்த்தையாகி, மறுநாள் ஒரு ம் ஆகி, அப்புறம் அதுவும் நின்றது. ஹெப்சிபா பாடம் எடுப்பதை விடவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஒரு நிமிஷம் நிறுத்திக் காதுகொடுப்பாள். ஒன்பது பேரும் பேனாவை வைத்துவிட்டு அவளோடு சேர்ந்து காதுகொடுப்பார்கள்.

தலைவர் குத்தாலிங்கம் ஒருநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு பாலத்தின் மேலே போய், டவுனிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு பாலத்தின் மேலேயே திரும்பிவந்தார். ஊருக்குள் கால் நனையாமல் வந்த முதல் டாக்டர். சின்ன வயசு, கெட்டவரில்லை, பொறுமையாகத்தான் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், இடதுகாலின் உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னலருகே போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். அடிபட்ட நாயின் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி மெல்லிய குரலில் இங்கிலீஷில் சொன்னார்: செய்வதற்கு ஒன்றுமில்லை சார், ஆஸ்பத்திரிக்கு எடுத்தாலும் பலனில்லை, இன்றைக்கோ நாளைக்கோ. “ஹி இஸ் கோயிங் டு கிக் த பக்கெட், சார்.”

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். இது ஒலிபெருக்கியில் வராத ஒன்று.

“கிக்குன்னா உதைக்கிறது. பக்கெட்டுன்னா வாளி,” என்று பேச்சித்தாய் மெதுவாகக் கூட்டிப் பார்த்தாள். “டீச்சர், அர்த்தம் என்ன?”

ஹெப்சிபா வாயைத் திறந்தாள். ஒரு வருஷமாக யார் எதைக் கேட்டாலும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தவள். இந்த ஒன்றை அவள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சாகப்போகிறான் என்பதை இங்கிலீஷ்காரர்கள் இப்படி விளையாட்டாகச் சொல்வார்கள் என்பதை அந்த வீட்டுக்குள் வைத்துச் சொல்ல அவளுக்கு மனசு வந்ததில்லை. இப்போதும் வரவில்லை. இதுவரை நடந்ததெல்லாம் சொல்தான், அர்த்தம் ஒருமுறைகூட நடந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பூனைக்கும் கேக்குக்கும் குதிரைக்கும் அப்படி இருந்தது இதற்கும் அப்படியே இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? அவள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அர்த்தம் மட்டும் வேண்டாம் ஆண்டவரே, சொல் போதும், வெறும் சொல் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சட்டம் அவள் கைக்குள் அசைந்தது.

கண்ணைத் திறந்தபோது ஞானசிகாமணி எழுந்து உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்கவில்லை. போர்வையை ஓரமாகத் தள்ளினார். வலதுகாலைத் தரையில் வைத்தார். இடதுகாலை, பதினெட்டு மாதமாக மற்றவர்கள் எடுத்துவைத்தால் மட்டும் நகர்ந்த அந்தக் காலை, அதன் பக்கத்தில் வைத்தார். எழுந்தார். தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர் மாதிரி ஒருதரம் தோளைக் குலுக்கிக்கொண்டு, டாக்டருக்கும் தலைவருக்கும் நடுவே புகுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பின்கட்டுக்கு நடந்தார். பிடிக்கப்போன குத்தாலிங்கத்தைப் பேச்சித்தாய் கையைப் பிடித்து நிறுத்தினாள். டாக்டர் காதில் போனை வைத்தபடியே நின்றார். அதற்குள்ளிருந்து ஹலோ ஹலோ என்று யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு டமார் என்று ஒரு சத்தம், வாளி உருண்டு சுவரில் மோதிய சத்தம், தண்ணீர் முற்றத்தில் பரவி ஓடும் சத்தம்.

ஹெப்சிபா ஓடினாள். அவர் குளியலறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். முகம் சுளித்திருந்தது. தூக்கிப்பிடித்திருந்த இடதுகாலின் பெருவிரல் நகம் பிளந்து, கொஞ்சம் ரத்தம்.

“ஏ ஹெப்சி,” என்றார் ஞானசிகாமணி, பல்லைக் கடித்துக்கொண்டு, “என்னமா வலிக்குதுட்டி இந்தக் கால்.”